குடியை விட்டவர் வீடு திரும்பும்போது





1937-ஆம் ஆண்டு அக்டோபர் 1. நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தால் அது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றுதான் நம் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. சென்னை மாகாணத்திலேயே முதல் மாவட்டம் நம்முடையது. நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் மட்டுமல்ல, இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. மாகாண அரசுக்குத் தலைமை தாங்கிய ராஜாஜி, திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-லேயே காந்தி ஆசிரமம் தொடங்கியவர். மதுவை எதிர்ப்பதற்கென்றே 1929-இல் ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தியவர். ஆட்சி கைக்கு வந்ததும் தான் வாழ்ந்து பழகிய மாவட்டத்திலிருந்தே ஆரம்பித்தார். கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன.

அந்த வெள்ளிக்கிழமை மாலையை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. வழக்கமாகத் தள்ளாடி வரும் மனிதர் அன்று நேராக நடந்து வீட்டுக்கு வந்திருப்பார். வாசலில் மனைவி நிற்கிறாள். பிள்ளைகள் மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடை மூடியாகிவிட்டது. இனி அந்த வீட்டுக்குள் என்ன நடக்க வேண்டும்? அதைச் சட்டம் சொல்லவில்லை. சட்டத்தால் சொல்லவும் முடியாது.

பிறகு அந்தச் சட்டமே வந்து வந்து போனது. போர்க்காலத்தில் நிறுத்தினார்கள். 1948-இல் மாகாணம் முழுவதற்கும் கொண்டு வந்தார்கள். 1971-இல் தளர்த்தினார்கள், 1974-இல் மறுபடி மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் வந்தது, 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். ஆட்சி மாறினால் கடை திறக்கும், மூடும். அந்த விவாதத்துக்குள் இன்று நான் போகவில்லை. என் கேள்வி வாசலில் நிற்கும் அந்த மனைவியைப் பற்றியது. ஒருவர் குடியை விட்டுவிட்டார். தவ்பாவும் செய்துவிட்டார். இனி அவர் வீட்டாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? வீட்டாரும் நாமும் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்?

மது ஹராம் என்பதற்கு நாம் எல்லோரும் ஆதாரமாகச் சொல்வது மாயிதா அத்தியாயத்தின் 90, 91-ஆவது வசனங்கள். 90-ஐ மனப்பாடமாகச் சொல்லிவிடுவோம். 91-ஐ நின்று படிப்பது குறைவு. மதுவாலும் சூதாட்டத்தாலும் ஷைத்தான் எதை நாடுகிறான் என்று அங்கே அல்லாஹ் சொல்கிறான். முதலில் வருவது உங்களுக்கிடையே பகைமையும் வெறுப்பும். அதற்குப் பிறகுதான் இறைநினைவை விட்டும் தொழுகையை விட்டும் தடுப்பது. இந்த வரிசையைக் கவனியுங்கள். ஈரல் கெடும் என்று அங்கே சொல்லவில்லை, காசு போகும் என்று சொல்லவில்லை. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையில் விழும் விரிசல்தான் முதலாவதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படியானால், பாட்டிலைக் கீழே வைத்த அன்றே வேலை முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? விரிசல் அப்படியே இருக்கிறதே.

இன்னொரு வசனம். மது முழுமையாகத் தடை செய்யப்படுவதற்கு முன்பு இறங்கியது, நிஸா அத்தியாயத்தின் 43-ஆவது வசனம். போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்க வேண்டாம், நீங்கள் சொல்வது இன்னதென்று உங்களுக்கே தெரியும் வரை, என்பது அதன் கருத்து. போதை தெளிந்ததற்கு அல்லாஹ் வைத்த அடையாளம் கால் தள்ளாடாமல் இருப்பது அல்ல, வாடை அடிக்காமல் இருப்பதும் அல்ல. தன் சொல் தனக்குத் தெரிவது. குடியினால் ஒரு மனிதன் முதலில் இழப்பது தன் சொல்லைத்தான். அவன் பேசுவான், சத்தியம் செய்வான், பிள்ளைகள் தலையில் அடித்துச் சொல்வான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஆள் இருக்க மாட்டான்.

நம் ஊர்ப் பக்கத்து நிலையை வைத்தே யோசிப்போம். நாமக்கல்லில் லாரி ஓட்டும் ஒருவர். அல்லது திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் மாதக்கணக்கில் வடக்கே போய் வருபவர். லோடு இறக்கிய இரவு, தூக்கம் வராத இரவு, கூட்டாளிகளோடு என்று ஆரம்பித்தது பத்து வருடமாகிவிட்டது. இந்தப் பத்து வருடத்தில் அவருடைய வீடு அவர் இல்லாமல் ஓடக் கற்றுக்கொண்டது. சம்பளம் எவ்வளவு வரும் என்று தெரியாததால் அரிசிக்கும் ஃபீஸுக்கும் மனைவி தனியாக வழி பண்ணினாள். பணத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கப் பழகினாள். வண்டிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளப் பழகினார்கள். மூத்த மகன் பன்னிரண்டு வயதில் வீட்டு ஆம்பளையாகிவிட்டான். பெரியவர்கள் வந்து நல்லது கெட்டது பேசினால் அவரைக் கேட்பதில்லை. மச்சினனைக் கேட்டார்கள்.

இப்போது அவர் விட்டுவிட்டார். நாற்பது நாள் ஆகிறது. ஃபஜ்ருக்குப் பள்ளிக்கு வருகிறார். அவர் மனதில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. வீடே தன்னைக் கொண்டாடும் என்று நினைக்கிறார். நடப்பது வேறு. மனைவி முன்பைவிட அதிகமாகக் கோபப்படுகிறாள். பத்து வருடக் கணக்கை இப்போதுதான் எடுக்கிறாள். “நான்தான் விட்டுட்டேனே, இன்னும் என்ன வேணும் உனக்கு?” என்று இவர் கத்துகிறார். அவளுடைய கோபத்தை நன்றிகெட்டதனம் என்று நினைத்துவிடாதீர்கள். குடித்திருந்தவனிடம் அவள் எதைச் சொல்லியிருக்க முடியும்? சொன்னால் அடி விழும், அல்லது காலையில் அவனுக்கு நினைவே இருக்காது. சொல்வதைக் கேட்க இப்போதுதான் வீட்டில் ஒரு ஆள் வந்திருக்கிறார். அதனால்தான் சொல்கிறாள். என்னைக் கேட்டால், அந்தக் கோபத்தில் அவளுக்கே தெரியாத ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது என்பேன்.

அவருக்குள்ளும் என்னென்னவோ நடக்கிறது. தெளிந்தவுடன் உலகம் அழகாகிவிடும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதலில் வருவது அழகு அல்ல, வெட்கம். போதை மூடி வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. தங்கையின் நிக்காஹ் அன்று பந்தலில் தான் செய்த ரகளை. அத்தாவின் ஜனாஸாவில் முன் வரிசையில் நிற்க முடியாமல் போனது. பிறகு மாலை நேரம். அஸருக்குப் பிறகு இரவு வரை உள்ள நேரம் எவ்வளவு நீளம் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. கூட்டாளிகள் என்று நினைத்தவர்களில் பாதிப் பேர் கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பேர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அது அதைவிட ஆபத்து. வீட்டில் இடமில்லை, வெளியில் ஆள் இல்லை. இந்தக் கட்டத்தில்தான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இங்கே மார்க்கம் நமக்கு ஒரு தெளிவைத் தருகிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீன் நூலில் தவ்பாவின் நிபந்தனைகளைச் சொல்லும்போது இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். பாவம் அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் மட்டும் இருந்தால் மூன்று நிபந்தனைகள்: அந்தப் பாவத்தை விடுவது, அதற்காக வருந்துவது, இனி செய்வதில்லை என்று உறுதி கொள்வது. மனிதருடைய உரிமை அதில் இருந்தால் நான்காவதாக ஒன்று சேர்கிறது. அந்த உரிமையை அவரிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது அவரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். குடித்தது அல்லாஹ்வின் உரிமை. குடித்துவிட்டு அடித்தது, திட்டியது, மனைவியின் நகையை அடகு வைத்து மூழ்கவிட்டது, மஹரைத் தின்றது எல்லாம் அடியார்களின் உரிமை. முதல் கணக்கு ஒரு இரவின் கண்ணீரில் தீர்ந்துவிடலாம், அல்லாஹ்வின் ரஹ்மத் அவ்வளவு விசாலமானது. இரண்டாவது கணக்கைப் பள்ளிவாசலில் தீர்க்க முடியாது, வீட்டில்தான் தீர்க்க வேண்டும். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்தும், இவரைத் திட்டினார், அவரை அடித்தார், இன்னொருவர் பொருளைத் தின்றார் என்பதால் எல்லா நன்மைகளையும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் திவாலானவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி முஸ்லிமில் இருக்கிறது. தவ்பா செய்த நம் சகோதரர் முதலில் படிக்க வேண்டிய ஹதீஸ் அது.

வேறு மண்ணில், வேறு நம்பிக்கையில் இருந்தவர்களும் அனுபவத்தால் இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள் என்பது ஆச்சரியம். 1935-இல் அமெரிக்காவில் குடி நோயாளிகள் இருவர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு இன்று தமிழ்நாடு உட்பட உலகமெங்கும் கூட்டங்கள் நடத்துகிறது. அதன் பன்னிரண்டு படிகளில் ஒன்று, தான் யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் எழுதுவது. அடுத்தது, அவர்களிடம் நேரில் போய்ச் சரிசெய்வது. ஆனால் அப்படிப் போவதால் அவர்களுக்கு மேலும் காயம் ஏற்படும் என்றால் போகக் கூடாது. மன்னிப்புக் கேட்பதுகூட நம் மனச்சுமையை இறக்கும் சுயநலமாக ஆகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

மன்னிப்பும் நம்பிக்கையும் ஒன்றல்ல. நம் ஜமாஅத்துகளில் பஞ்சாயத்துப் பேசும் பெரியவர்கள் இதைத்தான் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். “அவன் திருந்திட்டான், மன்னிச்சுட்டேன்னு சொல்லும்மா, சாவியக் குடு” என்பார்கள். மன்னிப்பு அவள் மனதிலிருந்து கொடுப்பது, இன்றே கொடுக்கலாம். நம்பிக்கை அவர் சம்பாதிக்க வேண்டியது, அதற்கு நாள் ஆகும். மன்னித்துவிட்டு ஏ.டி.எம். கார்டைத் தன்னிடமே வைத்திருக்கும் மனைவி எந்தத் தவறும் செய்யவில்லை. விட்டவருக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. நம்பிக்கையைக் கூலியாகக் கேட்பதை நிறுத்திவிட்டால் அவர் கோபம் பாதி அடங்கிவிடும். சொன்ன நேரத்துக்கு வருவது, சொன்ன பணத்தைக் கொடுப்பது, பிள்ளையிடம் ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு கூட்டிப் போகிறேன் என்று சொன்னால் கூட்டிப் போவது. இழந்த சொல் இப்படிச் சில்லறையாகத்தான் திரும்பி வரும். அடி உதையில் உயிருக்குப் பயந்து தாய் வீட்டுக்குப் போன பெண்ணை, அவன் நாற்பது நாள் குடிக்கவில்லை என்பதற்காக ஸப்ரைக் காட்டித் திருப்பி அனுப்ப ஜமாஅத்துக்கு உரிமை இல்லை. மிம்பரில் நின்று சொல்லும் நாங்களும் சில சமயம் இதில் தவறு செய்திருக்கிறோம்.

இனி நம் பக்கத்துக் கடன்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். ‘ஹிமார்’ என்பது அவருக்குப் பட்டப்பெயர். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டனை பெற்றவர். மறுபடி ஒருநாள் அதே குற்றத்துக்காகக் கொண்டு வரப்பட்டு, மறுபடி தண்டனை கொடுக்கப்பட்டது. அங்கிருந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை. எத்தனை முறைதான் இவன் பிடிபடுவான் என்று சொல்லி, அல்லாஹ்வின் சாபம் அவர் மீது உண்டாகட்டும் என்றார். நபியவர்கள் தடுத்தார்கள். அவரைச் சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றே நான் அறிந்திருக்கிறேன் என்ற கருத்தில் சொன்னார்கள். உமர் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது. தண்டனையை நிறுத்தவில்லை, குற்றத்தைச் சிறிதாக்கவும் இல்லை. ஆனால் அந்தக் குற்றத்தையே அவருடைய முழு அடையாளமாக ஆக்க அனுமதிக்கவில்லை. கவனியுங்கள், அவர் அப்போது திருந்திக்கூட விடவில்லை! மீண்டும் விழுந்து கிடந்த நேரத்திலேயே அவருக்கு இந்தச் சான்று கிடைத்தது.

நம்மிடம் என்ன நடக்கிறது? பத்து வருடமாகத் தொட்டிருக்க மாட்டார். மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வரும்போது தெருமுனையில் ஒருவர் சொல்லிவிடுவார், “அவங்கத்தாவா, ஒரு காலத்துல பெரிய குடிகாரரு.” அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சு நின்றுபோன சம்பந்தங்கள் உண்டு. இதற்கு நேர்மாறான இன்னொரு நோயும் நம்மிடம் இருக்கிறது. நம் சமுதாயத்தில் யாரும் குடிப்பதே இல்லை என்பதுபோல் பேசுவோம். அதனால் குடிப்பவர் மறைக்கிறார். மறைப்பதால் உதவி கேட்கவும் வழியில்லை. முத்தவல்லியிடம் போய் ‘நான் விட வேண்டும், முடியவில்லை’ என்று சொல்லக்கூடிய ஒரு மஹல்லா நம் மாவட்டங்களில் எத்தனை இருக்கும்?

1937-க்கு மறுபடி வருகிறேன். மதுவிலக்கு ஒவ்வொரு மாவட்டமாகப் பரவியபோது அரசுக்கு வருமானம் குறைந்தது. அதை ஈடுகட்டத்தான் 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி கொண்டு வந்தார்கள். குடிக்காதவர்களும் கடையில் பொருள் வாங்கும்போது ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். அப்போது வியாபாரிகள் எதிர்த்தார்கள், அது வேறு கதை. எனக்கு அதில் ஒரு உண்மை தெரிகிறது. குடிப்பவன் விடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை அவன் ஒருவனால் கட்ட முடியாது.

அந்த விலை நம் மஹல்லாவில் எப்படி இருக்கும்? முதலில் மருத்துவம். தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் ரமளான் முதல் பிறையோடு திடீரென்று நிறுத்துகிறார் என்று வையுங்கள். நல்ல நிய்யத். ஆனால் இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாத உருவங்கள் தெரியும், ஆள் அடையாளம் தெரியாது. வீட்டார் ஜின் பிடித்துவிட்டது என்று ஓதிப் பார்க்க அழைத்து வருவார்கள். ஓதுங்கள், தாராளமாக. ஆனால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், உயிரே போகக்கூடிய நிலை அது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் மத்திய அரசின் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கும். நோன்பை மருத்துவர் விடச் சொன்னால் விட்டுப் பிறகு களாச் செய்துகொள்ள மார்க்கத்தில் இடம் இருக்கிறது.

குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு 1980-இல் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று பலரும் அறிவார்கள். குடிப்பவரோடு அவருடைய வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுவது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. ஒரு மனைவியாக அவர் பட்டதிலிருந்து கற்றுக்கொண்டது அது என்றே நான் நினைக்கிறேன். நம் பைத்துல்மாலில் கல்விக்கு ஒதுக்குகிறோம், கல்யாணத்துக்கு ஒதுக்குகிறோம். ஒருவர் பதினைந்து நாள், ஒரு மாதம் சிகிச்சையில் இருக்கும்போது அவர் வீட்டு அடுப்பு எரிவதற்கு ஒதுக்கினால் என்ன? மஃக்ரிபிலிருந்து இஷா வரை அவரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க இரண்டு பேர் முன்வந்தால், அதற்குக் காசுகூட வேண்டாம்.

சரி, அவர் திரும்ப விழுந்துவிட்டால்? விழுவார்கள், பலர் ஒருமுறையாவது விழுகிறார்கள். உமர் (ரலி) அவர்களிடம் ஷாம் நாட்டிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்த வீரர் ஒருவர் இருந்தார். சில காலமாக ஆளைக் காணவில்லை. விசாரித்தபோது, அவர் குடியில் மூழ்கிவிட்டார் என்றார்கள். உமர் (ரலி) எழுத்தரை அழைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். ஸலாமுக்குப் பிறகு அதில் இருந்தது ஃகாஃபிர் அத்தியாயத்தின் தொடக்கம்: பாவத்தை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன், தண்டிப்பதில் கடுமையானவன் என்று அல்லாஹ் தன்னை அறிமுகப்படுத்தும் வசனம். வேறு வசை எதுவும் இல்லை. கூட இருந்தவர்களிடம் அவருக்காக துஆச் செய்யச் சொன்னார்கள். கடிதம் கிடைத்தவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். தன்னை எச்சரிக்கவும் செய்திருக்கிறான், மன்னிப்பதாக வாக்கும் கொடுத்திருக்கிறான் என்று சொல்லி அழுதார். பிறகு குடியை விட்டார், நல்லபடியாக விட்டார். இப்னு கஸீர் (ரஹ்) தம் தஃப்ஸீரில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உமரைப் போல் கடுமையானவர் யார்? அவர்களே முதலில் செய்தது, ஆளைக் காணோமே என்று விசாரித்ததுதான்.

நம் ஸஃப்பில் மூன்று வாரமாக ஒரு இடம் காலியாக இருந்தால் நாம் விசாரிக்கிறோமா?

அப்படி வராமல் இருந்தவர் ஒரு ஜும்ஆவுக்கு வருகிறார் என்று வையுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எல்லோர் கண்ணும் தன் மேல் இருப்பது அவருக்குத் தெரியும். அவர் மனம் என்ன பாடுபடும் என்பதற்குக் கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு இருக்கிறது. மது விஷயம் அல்ல. தபூக் போருக்குப் போகாமல் தங்கியதற்காக ஐம்பது நாட்கள் ஊரே அவரிடம் பேசவில்லை. தவ்பா ஏற்கப்பட்ட வசனம் இறங்கியதும் பள்ளிவாசலுக்குள் நுழைகிறார். நபியவர்கள் அமர்ந்திருக்கிறார்கள், சுற்றிலும் மக்கள். தல்ஹா பின் உபைதுல்லாஹ் (ரலி) மட்டும் எழுந்தார்கள். விரைந்து ஓடி வந்தார்கள், கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்கள். முஹாஜிர்களில் வேறு யாரும் எழவில்லை. பல ஆண்டுகள் கழித்து, கண் பார்வை போன முதுமையில் இந்தச் சம்பவத்தைத் தன் மகனிடம் சொன்ன கஅப் (ரலி), தல்ஹா எழுந்து வந்த அதை நான் மறக்கவே மாட்டேன் என்று சொன்னார்கள்.